முசுட்டைக்கு வலை கட்டியவனுக்கு

மகன்,

தொலைபேசியில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தாலும் ஒன்றைத் தொடங்கி இன்னொன்றில் போய் நிற்பேன். அதனால் சொல்லப்போவதை முதலில் இலக்கமிட்டு வைக்கிறேன்.

1. நீ கலியாணம் முடித்துப் போன வதனியின் வீட்டைவிட்டு வெளிக்கிட்டது பிழை. இந்தக் கிழமைக்குள் திரும்பிப் போக வேண்டும்.
2. முசுட்டைக் கீரைக்கொடியை வீட்டு வேலியில் வளர்க்கும் முறை.
3. முசுட்டை பூக்க வேண்டுமென்றால் அதன் கொழுந்தைக் கிள்ளக் கூடாது.
4. அந்த விதியை உன் அம்மாவிடம் நான் நடத்திய விதம்.
5. உன் அம்மா கடைசியாகக் கேட்ட கீரை வறை.

இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று கதிரவெளியில் நீ தங்கியிருக்கும் அறைக்கு வரும். மற்றது வாழைச்சேனை வீட்டுக்குப் போகும், உறையை ஒட்டாமல். வதனியும் அவளுடைய அம்மாவும் வாசிக்கட்டும். குற்றம் அவர்கள் வீட்டு முற்றத்தில் நடந்திருக்கிறது. அதன் விளக்கம் உனக்கு மட்டும் இரகசியமாக வந்தால் அது இன்னொரு குற்றம்.

முதலாவது. மூன்று நாளுக்கு முன் காலையில் வதனி தொலைபேசி எடுத்தாள். "மாமா, உங்கட மகன் அங்க வந்தாரா?" என்று கேட்டாள். இல்லையே மகள் என்றேன். "அப்ப கதிரவெளியிலதான். கூடப் படிப்பிக்கிற சேர் ஒராளோட அறையில நிக்கிறாரு போல" என்றாள். அழவில்லை. அழாமல் பேசுவதற்கு அவள் எடுத்த பாடு எனக்குக் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆறாம் மாதக் கிளினிக்கில் இரத்தம் குறைவு, கீரை சாப்பிடு என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய அம்மா வேலியில் முசுட்டைக் கொழுந்து ஆய்ந்து வறை வறுத்திருக்கிறார். "நீங்க எழுதிக் குடுத்த தாளக் கொண்டுவந்து அம்மாக்கு முன்னால வாசிச்சாரு, மாமா. முதலாம் விதி கொழுந்து கிள்ளக்கூடாது எண்டு. மறுகா அடுத்த நாள் கொடியச் சுத்தி வலை கட்டிற்றாரு."

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அம்மா, உன் மாமி, தொலைபேசியை வாங்கிவிட்டார். "அண்ணன், எங்கட வீட்டுல மீனுக்குத்தான் வலை கட்டுற. கீரைக்கு வலை கட்டின மனிசன இப்பதான் காணுறன். அதுவும் என்ட மனிசன்ட வலை. அறுத்துப்போட்டன். அதுக்கு உங்கட மகன், கொடியத் தொட்டா இந்த வீட்டுல இருக்கமாட்டன் எண்டாரு. அப்ப ஒரு கோப்பை சோறு மிச்சம் எண்டன். பகிடிக்குச் சொன்ன, அண்ணன். மனிசன் பையத் தூக்கிற்றாரு."

நான் "ம்" என்றேன். "என்ன, ம் எண்டா என்ன அர்த்தம்? வரச்சொல்லுவிங்களா மாட்டிங்களா?" என்று கேட்டார். அதற்கும் "ம்" என்றேன். தொலைபேசி ஓய்ந்த பிறகு, சொல்லியிருக்க வேண்டிய நல்ல பதில்கள் நான்கு எனக்குத் தோன்றின. என் வாழ்க்கையில் நல்ல பதில்கள் எல்லாம் ஆள் போன பிறகுதான் வந்திருக்கின்றன.

நீ மானத்தோடு வெளிக்கிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாய். இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு அந்த மானத்தைக் கொண்டுபோய் வைக்க இடம் கிடையாது; இங்கே வீடுகள் பெண்பிள்ளைகளுக்கே போகும். நான் பிறந்த கதிரவெளி வீடு என் தங்கைக்குப் போயிற்று. கலியாணம் முடித்து உன் அம்மாவின் வீட்டுக்குத் தேற்றாத்தீவுக்கு வந்தேன். அந்த வீடு உன் அக்கா பிறந்த அன்றே அவளுக்கென்று முடிவாயிற்று. அதே வீட்டில், அதே கதிரையில் உட்கார்ந்து, முன்பு மருமகனாக இருந்தேன். இப்போது மகளின் விருந்தாளியாக இருக்கிறேன். அக்கா என்னை நன்றாகத்தான் பார்க்கிறாள். ஆனாலும் ஒரு ஆணி அடிப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறேன். நீ இங்கே வந்தால் உனக்கென்று ஒரு அறை இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை. உனக்கு இருக்கும் வீடு வதனியின் வீடுதான். அங்கே ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது. பிள்ளைத்தாய்ச்சியின் கோப்பையிலிருந்து கீரையைத் தடுத்தவன் என்ற பெயரோடு அந்தப் பிள்ளையைப் பார்க்க நீ போகக் கூடாது.

அந்தத் தாளை எழுதியவன் நான். கலியாணத்தன்று உனக்குத் தர என்னிடம் வீடும் இல்லை, வயலும் இல்லை. ஈரச்சாக்கில் சுற்றிய மூன்று கொடித்துண்டும், அழகான எழுத்தில் ஒரு தாள் விதிமுறையுமே இருந்தன. நீ அதை ஒரு சொத்துப்போல மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது. முறையை இங்கே திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் வதனி சொன்னதிலிருந்து வைத்த இடம், ஏற்றிய வேலி என்ற இரண்டிலும் நீ பிழை விட்டிருப்பதாகத் தெரிகிறது. முசுட்டை புதர் மண்டிய பற்றைக்காட்டுக் கொடி. வாவிப் பக்கத்து உப்புத்தரையில் வைக்காதே. வீட்டு வளவின் மேட்டுப் பக்கம் வை. கம்பி வேலியில் அது ஏறும், ஆனால் வெயிலில் கம்பி சுட்டுத் தண்டு கருகும். பூவரசு, கிளுவைத் தடிகளை ஊன்றித் துளிர்க்கவிட்ட உயிர்க்கதியால் வேலிதான் அதற்கு ஏற்றது. ஐப்பசியில் முதல் மழை இரண்டு மூன்று பெய்த பிறகு, விரல் தடிப்பில் முற்றிய தண்டாகப் பார்த்து, மூன்று கணு வரும்படி வெட்டு. இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே, சற்றுச் சரித்து நடு. நம்முடைய மண் வெறும் மணல், ஆகவே குழியை முழங்கை ஆழத்துக்கு எடுத்துப் பழைய மாட்டெருவும் உக்கிய இலையும் போடு. புதுச் சாணம் போட்டால் வேர் வெந்துவிடும். முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். பிறகு வானம் பார்த்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் நின்றால் மட்டும் செத்துப்போகும்.

இலை வட்டமாக, காம்பருகே பிளந்து இருக்கும். திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சுப்போல மினுங்கும். மழை ஓய்ந்த பிறகு மொட்டு வரும், பிழிந்து முறுக்கிய வெள்ளைத் துணியைப்போல. பொழுது சாயும்போது முறுக்கு அவிழத் தொடங்கும். உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பூ. கிட்டப் போனால் கராம்பு வாசம். விடியும்போது நனைந்த கடதாசியாகத் தொங்கும். ஒரே ஒரு மாலைக்காகத்தான் அத்தனை பாடும்.

நான் அதை முதலில் பார்த்தது நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞராகச் சேர்ந்த புதிதில். கதிரவெளிக்கு உள்ளே ஒரு சிறு குளத்தின் வாய்க்காலை அளக்கப் போயிருந்தோம். மற்றவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பற்றை முழுக்க வெள்ளையாக அவிழ்ந்துகொண்டிருந்தது. நான் பிறந்த ஊர். அந்தக் கொடியின் இலையை எத்தனையோ தரம் தின்றிருக்கிறேன். அது பூக்கும் என்று எனக்குத் தெரியாது. பூக்கும்வரை எங்கள் வீடுகளில் யாரும் விட்டு வைத்ததில்லை. ஒரு வேர்க்கட்டையை பிஸ்கட் தகரப் பேணியில் மண்ணோடு எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தேற்றாத்தீவுக்கு வந்தேன். கலியாணம் முடித்து மூன்று மாதம். உன் அம்மா பேணிக்குள் எட்டிப் பார்த்தாள். "முசுட்டையா? நல்லதாப் போச்சு. சந்தையில ஒரு பிடி இலைக்கு நாயாப் பேயா அலையத் தேவல்ல" என்றாள். பூவுக்காகக் கொண்டுவந்தேன் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அவளுடைய வேலி, அவளுடைய வளவு, நான் வந்து மூன்று மாதம். பேசாமல் குழி வெட்டினேன்.

மூன்றாவது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்குச் சந்தேகமில்லாத விடயங்கள் மிகக் குறைவு என்பது உனக்குத் தெரியும். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆனால் இது கண்ணால் காணக்கூடியது. மொட்டு வருவது புதிய தளிரில். வறைக்கு ஆய்வதும் அந்தத் தளிரைத்தான், ஏனென்றால் முற்றிய இலை நாராக இருக்கும். ஆகவே கிள்ளிய ஒவ்வொரு கொழுந்தும் வராமல் போன ஒரு கொத்துப் பூ. விதி சரியானது. அதைக் காப்பாற்ற நாங்கள் இருவரும் கையாண்ட வழிகள்தான் பிழையானவை. உன் வழி வலை. என் வழியை அடுத்ததில் சொல்கிறேன்.

நான்காவது. நான் உன் அம்மாவிடம் ஒருநாளும் கிள்ளாதே என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், அல்லது ஏசியிருப்பாள், ஏதோ ஒன்று முடிந்திருக்கும். நான் செய்தது வேறு. கொடி வேலியேறிய முதல் வருடம் அவள் வறை வறுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். பொடியாக அரிந்த இலை, துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். நான் அதை விரலால் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டேன். அடுத்த முறையும் அப்படியே. "என்ன, உப்புக் கூடிற்றா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். "அப்ப?" "ஒண்டுமில்ல." அந்த ஒண்டுமில்லையை முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்கும் அக்காவுக்கும் அவள் சொன்ன காரணம் உனக்கு நினைவிருக்கும். "அப்பாக்கு முசுட்டை ஒத்துவராது, மேலெல்லாம் கடிக்கும்." நீங்கள் இருவரும் அதை நம்பி வளர்ந்தீர்கள். ஒருமுறை நீ பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம்கூடச் சொன்னாய், என் அப்பாவுக்கு முசுட்டை நஞ்சு என்று. எனக்கு அது ஒத்துவரும். சின்ன வயதில் எனக்கு அதுதான் உயிர். பிள்ளைகள் முன்னால் தகப்பனின் முகம் கெடக் கூடாதென்று அவள் அந்தப் பொய்யைக் கட்டினாள். நான் அதற்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

அத்தோடு நான் கொப்பி வைத்திருந்தேன். ஒவ்வொரு மாரிக்காலத்துக்கும் ஒரு கொப்பி. நீல மையில் மழை பெய்த நாள், அன்றன்று அவிழ்ந்த பூ. சிவப்புப் பென்சிலில் ஒரு குறி, அவள் கொழுந்து ஆய்ந்த நாளுக்கு. அலுவலகத்தில் வாய்க்கால் உடைப்பைப் படத்தில் சிவப்பால் குறிப்போம், அந்தப் பழக்கம். ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டாள். "இதென்ன சிவப்புச் சிவப்பா?" அவள் தாள்களைப் புரட்டினாள். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. "என்ட பேருல வழக்கு எழுதுறிங்களா? எழுதுங்க, எழுதுங்க. நீதவான்ட கொண்டு போற நேரம் என்னையும் கூட்டிப் போங்க, பஸ்ஸுல யன்னலோரக் கோணர் சீட்டு எனக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து என் கோப்பையில் வறை வைப்பதை நிறுத்திக்கொண்டாள். கிள்ளுவதை நிறுத்தவில்லை. ஆய்ந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், உங்களுக்கு வறுத்துத் தந்தாள், தான் குசினி அடுப்படியில் இருந்து தின்றாள். என் முன்னால் தின்னவில்லை.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. உன் மாமிகூடச் சம்பந்தம் பேசும்போது சொன்னார், சத்தம் கேளாத வீடு என்று. நீ வளர்ந்தது அந்தச் சத்தமில்லாத வீட்டில். மனிதர்கள் ஒருவரை ஒருவர் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கலாம் என்று நீ அங்கேதான் படித்திருப்பாய். ஒரு வித்தியாசம், நீ என்னைவிடத் துணிந்தவன். நான் மனதுக்குள் கட்டிய வலையை நீ கொடியில் கட்டினாய்.

ஐந்தாவது. இதை அக்காவுக்கும் முழுதாகச் சொல்லவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விட்ட பிறகு, அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. கஞ்சி இரண்டு கரண்டி, அதுவும் என்னைப் பார்த்து இரக்கப்பட்டுக் குடித்தாள். ஒருநாள் பின்னேரம் தானாகவே வாய் திறந்து, "இஞ்சாருங்க, கொஞ்சம் முசுட்டை வறை இருந்தாச் சோறு திங்கலாம் போல கிடக்கு" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அக்கா அடுப்பில் வேலையாக இருந்தாள். நான் ஆய்ந்து வாறன் என்று எழுந்தேன். அதுவரை அந்தக் கொடியிலிருந்து ஒரு இலையை நான் ஆய்ந்ததில்லை.

வேலிக்குப் போனேன். அந்த வருடம் நல்ல மாரி. கொழுந்து எல்லாம் மொட்டோடு நின்றன. எண்ணிப் பார்த்தேன், பழக்க தோஷம். கிள்ளக் கையை நீட்டினேன், மகன், நீட்டினேன் என்று நீ நம்ப வேண்டும். பிறகு குனிந்து, அடியில், நிழலில் கிடந்த முற்றிய இலைகளில் ஒரு பிடி பறித்தேன். நன்றாகப் பொடியாக அரிந்தால் தெரியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் கொடுக்கும்போது, "இன்னும் பொடியா அரி" என்றும் சொன்னேன்.

அம்மா ஒரு வாய் வைத்தாள். மென்றாள், மென்றாள், விழுங்க முடியவில்லை. விரலால் எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்தாள். நான் எத்தனையோ முறை ஒதுக்கிய அதே ஓரத்தில். "முத்தல்" என்றாள். "கொழுந்து இல்லியா?" நான், "இல்ல, இந்த முறை எல்லாம் முத்திற்று" என்றேன். அவளுடைய கட்டில் யன்னலோரம் கிடந்தது. யன்னலால் பார்த்தால் வேலி தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சரி, பூக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இன்று எனக்கு இலேசாக இருந்திருக்கும். அன்று பொழுது சாய மொட்டுகள் அவிழ்ந்தன. நான் போய்ப் பார்த்து, கொப்பியில் எழுதினேன். அடுத்த கிழமை அவள் இல்லை.

இத்தோடு கடிதத்தை முடித்துக் கையெழுத்து வைக்கத்தான் நினைத்திருந்தேன். விதி சரி, மனிதன் பிழை என்று உனக்குச் சொல்லி, வலையைக் கழற்று, விதியை வதனியிடம் வாயால் கேட்டு நடத்து, பாதிக் கொடி கீரைக்கு, பாதிக் கொடி பூவுக்கு என்று ஒரு ஒப்பந்தம் போடு என்று எழுத இருந்தேன். அதற்கு முன், மூன்றாம் இலக்கத்துக்கு ஆதாரமாக, எந்த வருடம் எத்தனை பூ என்று உனக்குப் பிரதி எடுத்து இணைக்கலாம் என்று நேற்றுக் கொப்பிகளை இறக்கினேன். எல்லாவற்றையும் ஒன்றாக விரித்து வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வழக்கு எழுதுவதில் இருந்த கவனம் அதை வாசிப்பதில் எனக்கு இருந்ததில்லை.

சிவப்புக் குறி நிறைந்த மாரிகளில் நீல மையும் நிறைந்திருக்கிறது. நீ பிறந்த வருடம் அம்மா தாய்ப்பாலுக்கென்று நாள் தவறாமல் கொழுந்து ஆய்ந்தாள். தாள் முழுக்கச் சிவப்பு. அந்த வருடம் பூ எழுத இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். கண் சத்திரசிகிச்சைக்காக அவள் கொழும்பில் தன் தங்கை வீட்டில் நின்ற மாரியில் ஒரு சிவப்பும் இல்லை. பூவும் அநேகமாக இல்லை. "மழை பிந்தியது" என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். அம்மா கண்மூடிய பிறகு வந்த இரண்டு மாரியிலும் அக்காவைக்கூட நான் கொடியில் கை வைக்க விடவில்லை. முதல் மாரியில் நாலைந்து பூ. "காற்று அதிகம்." இந்த முறை ஒன்றுமே இல்லை. "எரு போதாது." சற்று முன் வேலிக்குப் போய்க் கொடியைத் தூக்கிப் பார்த்தேன். கிள்ளாத தண்டு ஒரே கோடாக நீண்டு, பூவரசு உச்சிக்கு ஓடி, அங்கே வெறும் இலையாகத் தொங்குகிறது. பழைய தண்டில் அவள் நகம் பட்ட ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று கிளை வெடித்திருக்கிறது. பூக்காம்பின் தழும்பெல்லாம் அந்தக் கிளைகளில்தான்.

ஆகவே மூன்றாவதாக எழுதியது பிழை. அதை மேலே வெட்டாமல் விட்டிருக்கிறேன், எவ்வளவு நிச்சயத்தோடு எழுதினேன் என்று நீ பார்க்க வேண்டும் என்பதற்காக. உன்னிடம் இருக்கும் தாளைக் கிழித்துவிடு. மாமியிடம் போய், கொழுந்தை நீங்களே ஆயுங்கள் என்று சொல். வதனி வயிறாரத் தின்னட்டும். எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் பூத்தது நான் காத்ததால் அல்ல. உன் அம்மாவைத் தடுக்க எனக்குத் தைரியம் இல்லாததால் பூத்தது. அவள் இருந்தவரை ஒரே ஒரு நாள்தான் என் விதியை என் கையாலேயே முழுதாக நிறைவேற்றினேன், அவள் வாய்விட்டுக் கேட்ட அந்த நாள்.

அப்பா